நரம்பறிவியலில் முனைவர் பட்டம்: கேள்வியைத் தேர்வதிலிருந்து ஆய்வேட்டை ஒப்படைப்பது வரை

நரம்பறிவியலில் முனைவர் பட்டம் பெற எண்ணுகிறவர், பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே, மூளையின் எந்த மட்டத்தில் நின்று கேள்வி கேட்கப் போகிறோம் என்பதை ஓரளவுக்கேனும் முடிவுசெய்துகொள்வது நல்லது. ஒரே பெயரில் வழங்கினாலும் இத்துறைக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் நிற்கும் பல துறைகள். ஒருவர் உயிரணுச் சவ்விலுள்ள அயனி வாயில்கள் திறந்து மூடுவதை ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டிருப்பார்; பக்கத்து அறையில் இருப்பவர் எலிகள் ஒரு பாதையை எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கின்றன என்று பார்ப்பார்; மூன்றாமவர் ஆய்வகக் கருவி எதையும் தொடாமல் சமன்பாடுகளோடும் கணினியோடும் பணிபுரிவார். இவர்கள் மூவருக்கும் கிடைப்பது ஒரே பட்டம் என்றாலும், நாள்தோறும் செய்யும் வேலை முற்றிலும் வேறு.

இந்த வேறுபாட்டை உணர்வதற்கு மூன்று பழைய ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் ஓட்டத்தை அளந்து, நரம்புத் துடிப்பு எவ்வாறு எழுகிறது என்பதை 1952இல் சமன்பாடுகளாக எழுதினர். டேவிட் ஹ்யூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் மூளையில் காட்சிகளைக் கையாளும் பார்வைப் புறணியில் மின்முனையைச் செலுத்தி, சில நரம்பணுக்கள் குறிப்பிட்ட சாய்வில் அமைந்த கோடுகளுக்கு மட்டுமே கிளர்வதை 1959இல் வெளியிட்டனர். பிரெண்டா மில்னர், வலிப்பு நோய்க்காக 1953இல், நினைவுகளை உருவாக்க உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் இருபுறமும் அகற்றப்பட்ட நோயாளி ஒருவரைப் பல ஆண்டுகள் சோதித்து, புதிய நிகழ்வுகளை நினைவில் நிறுத்த முடியாத அவரால் கையால் செய்யும் ஒரு புதிய திறனைக் கற்றுக்கொள்ள முடிந்ததைக் காட்டினார். முதலாவது இயற்பியலுக்கும் இரண்டாவது உடலியங்கியலுக்கும் மூன்றாவது உளவியலுக்கும் அருகில் நிற்கிறது. எதைப் படிக்கும்போது, அதை நாமே செய்திருக்கக் கூடாதா என்ற எண்ணம் மனத்தில் எழுகிறதோ, அதுவே நீங்கள் தேட வேண்டிய திசை.

எந்த உயிரியில் ஆராய்வது என்பதும் இதே கேள்வியின் இன்னொரு முகம். சி. எலிகன்ஸ் என்னும் சிறு புழுவின் உடலில் 302 நரம்பணுக்களே உள்ளன. அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளியாகிவிட்டது. பழ ஈயின் முழு மூளையிலுள்ள ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்களின் இணைப்பு வரைபடம் 2024இல் வெளியானது. மனித மூளையில் இருப்பவையோ ஏறத்தாழ 8,600 கோடி. புழுவின் இணைப்புகள் அனைத்தும் தெரிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், அந்த வரைபடத்தை மட்டும் கொண்டு அதன் நடத்தையை முழுமையாக முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்பதை இத்துறைக்கு வருகிறவர் ஊன்றி நோக்க வேண்டும். இணைப்புகள் எவ்வளவு வலிமையானவை, அவற்றை வேதிப்பொருள்கள் கணத்துக்குக் கணம் எவ்வாறு மாற்றுகின்றன என்பவற்றை வரைபடம் சொல்வதில்லை. சிறிய உயிரியைத் தேர்ந்தால் சிறிய கேள்விதான் கிடைக்கும் என்று நினைத்து ஒதுங்க வேண்டியதில்லை. முனைவர் பட்டக் காலத்துக்குள் ஒரு கேள்வியை அடிவரை தோண்டிப் பார்க்கும் வாய்ப்பு, பல நேரங்களில் சிறிய உயிரிகளிடமே அதிகம்.

விண்ணப்பிக்கும் முன் கைவர வேண்டியவை

உயிரியல், உளவியல், மருத்துவம், இயற்பியல், பொறியியல், கணிதம் என எந்தப் பட்டம் பெற்றவரும் இத்துறைக்குள் வரலாம். உண்மையில் எல்லாரும் ஏதாவது ஒரு பக்கம் குறையோடுதான் வருகிறார்கள். உயிரியலிலிருந்து வருகிறவருக்குப் பெரும்பாலும் கணிதமும் நிரலெழுத்தும் குறையாக இருக்கும். பொறியியலிலிருந்து வருகிறவர் மூளையின் உடற்கூற்றையும் உயிரணுக்களின் இயல்பையும் கற்க வேண்டியிருக்கும். தன் குறை எது என்று அறிந்து, சேர்வதற்கு முந்தைய ஓர் ஆண்டை அதற்கென ஒதுக்குகிறவருக்கு முதலாண்டுச் சுமை பாதியாகக் குறையும்.

எந்தப் பிரிவுக்குச் சென்றாலும் தவிர்க்க முடியாதவை புள்ளியியலும் நிரலெழுத்துமே. பைத்தான் மொழியைக் கற்பது இன்று பாதுகாப்பான தேர்வு. மேட்லேப், ஆர் ஆகிய நிரல்மொழிகள் பல ஆய்வகங்களில் இன்னும் புழக்கத்தில் இருந்தாலும், ஒன்றைச் செம்மையாகக் கற்றவர் மற்றொன்றுக்கு மாறுவது கடினமன்று. நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, சமிக்ஞைகளை அலைவெண்களாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியர் முறை ஆகியவற்றில் அடிப்படைத் தெளிவு இருந்தால், ஆய்வுக் கட்டுரைகளின் முறைப்பகுதி வெறும் கறுப்பெழுத்தாகத் தோன்றாது. மூளையைச் சமன்பாடுகளாலும் கணினியாலும் ஆராயும் கணிப்பு நரம்பறிவியலில் நுழைய விரும்புகிறவர்களுக்கு 2020இல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமியின் இணையவழிப் பாடங்கள் நல்ல வாயில். அவை எவரும் எடுத்துப் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளன.

புள்ளியியலில் ஒரு செய்தியை மட்டும் இங்கே விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இத்துறையில் அது மீண்டும் மீண்டும் பிழைபடுகிறது. மூன்று எலிகளிலிருந்து ஐம்பது நரம்பணுக்களைப் பதிவுசெய்த ஒருவர், தன் மாதிரி அளவு ஐம்பது என்று எழுதிவிடுகிறார். ஆனால் ஒரே எலியின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ண முடியாது. உண்மையான மாதிரி அளவு ஐம்பதைவிட மூன்றுக்கு அருகில் இருக்கக்கூடும். எலி, அதற்குள் நரம்பணு, அதற்குள் ஒவ்வொரு முயற்சி என்று அடுக்கடுக்காக அமையும் தரவுக்கு உரிய பகுப்பாய்வு முறைகள் உள்ளன. அவற்றை விண்ணப்பிக்கும் முன்பே அறிந்தவர் நேர்காணலில் தனித்துத் தெரிவார்.

பாடங்களைவிடவும் பெரிதாகத் தேர்வுக் குழுக்கள் பார்ப்பது ஆய்வு அனுபவத்தை. கோடை விடுமுறையில் சில வாரங்கள் ஓர் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்ததைவிட, ஒரே ஆய்வகத்தில் ஓராண்டு இருந்து ஒரு சிறு பணியைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்தது பன்மடங்கு மதிப்புடையது. அந்த ஓராண்டு விண்ணப்பத்துக்காக மட்டும் அன்று, உங்களுக்காகவும் தேவை. மூளைத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டுவது, நுண்ணோக்கியின் முன் இருட்டறையில் மணிக்கணக்கில் அமர்வது, பயிற்சி பெறாத எலிக்கு ஒரு பணியைக் கற்பிக்க வாரக்கணக்கில் காத்திருப்பது, பதிவில் கலந்த இரைச்சலை நீக்குவது ஆகியவையே இந்த வேலையின் பெரும்பகுதி. கண்டுபிடிப்பின் மகிழ்ச்சி அரிதாகவே வரும். அது வராத நாள்களிலும் வேலை பிடித்திருக்கிறதா என்பதை ஆய்வகத்தில் இருந்து பார்த்தால்தான் அறியலாம்.

ஆய்வகம் எதுவும் எட்டும் தொலைவில் இல்லாதவர்களுக்கும் இன்று வழி உண்டு. 2003இல் நிறுவப்பட்ட ஆலன் மூளை அறிவியல் நிறுவனம் எலிகளின் பார்வைப் புறணியில் எடுத்த பெருந்தொகையான பதிவுகளை எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டுள்ளது. ஓப்பன்நியூரோ என்னும் தளத்தில் மனித மூளைப் படிமத் தரவுகள் குவிந்துள்ளன. வெளியான கட்டுரை ஒன்றின் முதன்மைப் படத்தை அதே தரவிலிருந்து நீங்களே மீண்டும் வரைந்து, எங்கெங்கே கட்டுரையின் முடிவோடு ஒத்துப்போகிறது, எங்கே போகவில்லை என்று எழுதிவைத்தால், அதைவிட நல்ல சான்று விண்ணப்பத்துக்கு அதிகம் இல்லை.

கட்டுரைகளைப் படிக்கும் பழக்கத்தையும் இப்போதே அமைத்துக்கொள்ள வேண்டும். சுருக்கத்தை வாசித்ததும் அடுத்து ஆசிரியரின் விளக்கத்துக்குச் செல்லாமல், படங்களை மட்டும் எடுத்து, அவற்றிலிருந்து நீங்களாகவே என்ன முடிவுக்கு வருவீர்கள் என்று எழுதுங்கள். பிறகு ஆசிரியரின் முடிவோடு ஒப்பிடுங்கள். இதே தரவுக்கு வேறொரு விளக்கம் இருக்க முடியுமா, எந்தச் சோதனை இவ்விரண்டு விளக்கங்களையும் பிரித்துக் காட்டும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் எந்தக் கட்டுரையையும் மூட வேண்டாம். 2013 முதல் இயங்கிவரும் பயோஆர்க்கைவ் தளத்தில், மதிப்பாய்வுக்கு முந்தைய வடிவில் வெளியாகும் கட்டுரைகளை இவ்வாறு படிப்பது இன்னும் பயனுள்ளது, ஏனெனில் அவற்றின் குறைகளை வேறெவரும் இன்னும் திருத்தியிருக்க மாட்டார்கள்.

திட்டங்களின் அமைப்பும் நிதியும்

முனைவர் பட்டத் திட்டங்கள் உலகில் பெரும்பாலும் இரண்டு வகையாக அமைந்துள்ளன. அமெரிக்க வகையில் இளநிலைப் பட்டம் முடித்தவரும் நேரடியாகச் சேரலாம். முதலாண்டில் பாடங்களைப் படித்துக்கொண்டே இரண்டு அல்லது மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வீதம் சுழற்சி முறையில் பணியாற்றி, அதன் பின்னரே ஒன்றைத் தேர்வர். தகுதித் தேர்வு ஒன்றைக் கடந்து, மொத்தம் ஐந்து முதல் ஆறு ஆண்டுகளில் முடிப்பது வழக்கம். ஐரோப்பாவின் பல நாடுகளில் முதுநிலைப் பட்டம் எதிர்பார்க்கப்படுகிறது. குறிப்பிட்ட நெறியாளரின் குறிப்பிட்ட திட்டத்துக்கு நேரடியாக விண்ணப்பித்து, மூன்று முதல் நான்கு ஆண்டுகளில் முடிக்க வேண்டும். எந்தக் கேள்வி வேண்டும் என்பதில் தெளிவுள்ளவருக்கு இரண்டாவது வகை காலத்தை மிச்சப்படுத்தும். வேறு துறையிலிருந்து வருகிறவருக்கும், எந்த மட்டத்தில் நிற்பது என்று இன்னும் முடிவுசெய்யாதவருக்கும் சுழற்சி முறையே ஏற்றது என்பது என் கருத்து.

அமெரிக்கத் திட்டங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர்த் தொடக்கத்தில் விண்ணப்பம் முடியும். ஜனவரி முதல் மார்ச் வரை நேர்காணல்கள் நடக்கும். நிதியுதவியோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை முடிவுசொல்ல அவகாசம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் ஒப்பியுள்ளன. ஐரோப்பிய இடங்கள் ஆண்டு முழுவதும் அறிவிக்கப்படுவதால் அவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

நிதியைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லத் தயங்க மாட்டேன்: கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் திட்டமோ நெறியாளரோ உதவித்தொகையோ ஏற்காத இடத்தில் சேர வேண்டாம். இத்துறையில் சோதனைகள் நீளும். கைப்பணத்தில் படிக்கிறவர் அந்த நீட்சியைத் தாங்க முடியாமல் பாதியில் நிற்க நேர்கிறது. உதவித்தொகை எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, அது முடிந்த பின் ஆய்வு முடியாமலிருந்தால் என்ன ஏற்பாடு என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நெறியாளரைத் தேர்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் கொள்ள இடம் இருக்குமானால், அது இதுவாக இருக்கட்டும். நிறுவனத்தின் பெயரைத் தேர்வதில் பலர் மாதக்கணக்கில் செலவிடுகிறார்கள். அடுத்த ஐந்தாண்டுகள் யாரிடம் பயிலப் போகிறோம் என்பதை ஒரு மாலைப்பொழுதில் முடிவுசெய்துவிடுகிறார்கள். புகழ்பெற்ற நிறுவனத்தில் கவனிக்கப்படாத மாணவராக இருப்பதைவிட, அதிகம் பேசப்படாத நிறுவனத்தில் நல்ல நெறியாளரிடம் பயில்கிறவர் நல்ல ஆய்வாளராக உருவாகும் வாய்ப்பு மிகுதி. கேள்வியை எப்படிக் கூர்மையாக்குவது, தன் முடிவையே எப்படி ஐயுறுவது, தோற்ற சோதனையிலிருந்து எதை எடுத்துக்கொள்வது ஆகியவற்றை எந்த நிறுவனமும் கற்றுத் தருவதில்லை; வாரந்தோறும் உங்களோடு அமர்ந்து தரவைப் பார்க்கும் ஒருவரே கற்றுத் தருகிறார்.

நெறியாளரைப் பற்றி அறிய வேண்டியவற்றை அவரிடமே கேட்பதைவிட, அவரிடம் இப்போது பயில்கிறவர்களிடமும் பயின்று சென்றவர்களிடமும் தனியே கேட்பது சிறந்தது. மாணவர்கள் பொதுவாக எத்தனை ஆண்டுகளில் முடிக்கிறார்கள், எத்தனை பேர் இடையில் விலகினார்கள், முடித்தவர்கள் முதன்மை ஆசிரியராகக் கட்டுரை வெளியிட்டார்களா, இப்போது எங்கே இருக்கிறார்கள், நெறியாளர் வாரத்துக்கு எத்தனை முறை சந்திக்கிறார், கையெழுத்துப் படியை எத்தனை நாளில் திருத்தித் தருகிறார், இருவர் ஒரே பணியில் ஈடுபட்டால் ஆசிரியர் வரிசை எப்போது, எவ்வாறு முடிவாகிறது என்று கேளுங்கள். இவற்றோடு ஒரு கேள்வியைத் தவறாமல் சேர்க்க வேண்டும்: எதிர்பார்த்த முடிவு வராதபோது அவர் என்ன செய்கிறார்? தரவை இன்னொரு முறை திருப்பிப் பார்த்து எப்படியாவது ஒரு விளைவைக் கண்டுபிடிக்கச் சொல்கிறவரிடமும், வராத முடிவை வராததாகவே ஏற்று அடுத்த சோதனையை வடிவமைக்கிறவரிடமும் கிடைக்கும் பயிற்சிகள் இரண்டும் ஒன்றல்ல. பதில் சொல்கிறவர் தயங்கினாலோ, பொதுவான புகழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டாலோ, அந்தத் தயக்கத்தையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஆய்வகம் தொடங்கிய இளம் நெறியாளரா, நெடுங்காலமாக நடத்திவருகிறவரா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. இளையவர் பெரும்பாலும் உங்களோடு கருவியின் அருகிலேயே நிற்பார். ஆனால் அவரது நிதியும் பணி நிலைப்பும் உறுதியாகாமல் இருக்கலாம், ஆய்வகம் கட்டி முடிக்கவே ஓராண்டு போகலாம். மூத்தவரிடம் கருவிகளும் தொடர்புகளும் ஆயத்தமாக இருக்கும். ஆனால் நாள்தோறும் உங்களைப் பயிற்றுவிப்பவர் அங்கே முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வுப் பயிற்சி பெறும் ஒரு போஸ்ட்டாக் ஆய்வாளராக இருப்பார், ஆகவே அவரையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

முதன்முறை நெறியாளருக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரிகளைத் தாண்ட வேண்டியதில்லை. அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்ததில் உங்களுக்கு எழுந்த ஓர் உண்மையான கேள்வி, அதை ஆராய உங்களிடம் உள்ள திறன், அடுத்த ஆண்டு மாணவர்களைச் சேர்க்கிறாரா என்ற வினா, இவை போதும். எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதைப் பெறுகிறவர் முதல் வரியிலேயே உணர்ந்துவிடுவார். இரண்டு வாரங்களில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் ஆய்வு நோக்க அறிக்கையில், சிறு வயதிலிருந்தே மூளை மீது ஆர்வம் இருந்ததாகத் தொடங்குவதைத் தவிர்க்கலாம். நீங்கள் செய்த பணியில் எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டீர்கள், அதற்கு ஏன் அந்த முறையைத் தேர்ந்தீர்கள், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை, அதிலிருந்து அடுத்து எழும் கேள்வி எது, அதை இந்த இடத்தில் ஏன் செய்ய முடியும் என்ற வரிசையில் எழுதினால், படிக்கிறவர் ஓர் ஆய்வாளரின் சிந்தனையைப் பின்தொடர முடியும். பரிந்துரைக் கடிதங்களைப் புகழ்பெற்றவரிடம் வாங்குவதைவிட, உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரிடம் வாங்குவதே நலம். குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டு, உங்கள் அறிக்கையின் படியையும் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

சோதனையை வடிவமைத்தல்

சேர்ந்த பின் செய்யும் மிகப் பெரிய முடிவு, ஆய்வுத் திட்டத்தை வகுப்பது. இரண்டு பணிகளை இணையாக வைத்துக்கொள்வது நல்ல நடைமுறை: ஒன்று, எந்த விடை வந்தாலும் வெளியிடத்தக்கதாக இருக்கும் உறுதியான பணி, மற்றொன்று, வெற்றிபெற்றால் துறையின் எண்ணத்தையே மாற்றக்கூடிய, தோற்கும் வாய்ப்பும் மிகுந்த பணி. இரண்டாவதை மட்டும் வைத்திருப்பவர் நான்காம் ஆண்டில் வெறுங்கையோடு நிற்கக்கூடும். முதலாவதை மட்டும் வைத்திருப்பவருக்குத் தன் எல்லை எது என்பது தெரியாமலே போகும்.

முறையைக் கேள்வியே தேர்ந்தெடுக்க வேண்டும். காந்தப்புலத்தைக் கொண்டு மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. படிமம் நரம்பணுக்களின் துடிப்பை நேரடியாக அளப்பதில்லை. 1990இல் செய்ஜி ஓகாவாவும் உடன் பணிபுரிந்தோரும் காட்டிய, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சார்ந்த மாற்றத்தையே அது அளக்கிறது, அந்த மாற்றம் உச்சத்தை எட்ட ஏறத்தாழ ஐந்து வினாடிகள் ஆகும். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் நடப்பதை அறிய விரும்புகிறவருக்கு அது உதவாது. எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976இல் அறிமுகப்படுத்திய பேட்ச் கிளாம்ப் முறை ஒரே ஓர் அயனி வாயிலின் மின்னோட்டத்தையும் காட்டும். ஆனால் அதைக் கைப்பழக்கமாக்கவே மாதங்கள் ஆகும். 2017இல் வெளியான நியூரோபிக்சல்ஸ் மின்முனை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நரம்பணுக்களைப் பதிவுசெய்ய உதவுகிறது. அவ்வளவு தரவையும் பகுத்தறியும் திறன் வேண்டும். இவையெல்லாம் எது எதனோடு சேர்ந்து நிகழ்கிறது என்பதைக் காட்டும் முறைகள். எது எதை நிகழ்த்துகிறது என்று அறிய, குறிப்பிட்ட நரம்பணுக்களை ஒளியால் இயக்கவும் அடக்கவும் வழிசெய்யும் ஆப்டோஜெனெடிக்ஸ் போன்ற தலையீட்டு முறைகள் தேவை. உங்கள் ஆய்வேட்டின் வாக்கியங்களில் காரணத்தைச் சுட்டும் சொற்கள் எங்கெல்லாம் வருகின்றனவோ, அங்கெல்லாம் தலையீட்டுச் சோதனை ஒன்று பின்னால் நிற்கிறதா என்று பாருங்கள்.

மாதிரி அளவைச் சோதனைக்கு முன்பே கணக்கிட வேண்டும். 2013இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, நரம்பறிவியல் ஆய்வுகளின் புள்ளியியல் திறனின், அதாவது உண்மையில் இருக்கும் விளைவைக் கண்டறியும் வாய்ப்பின், இடைநிலை அளவு ஏறத்தாழ 8 முதல் 31 விழுக்காடுக்குள்தான் இருக்கும் என்று மதிப்பிட்டது. திறன் குறைந்த ஆய்வு, உண்மையில் இருக்கும் விளைவைத் தவறவிடுவதோடு நிற்பதில்லை. அது கண்டறிந்ததாகச் சொல்லும் விளைவின் அளவும் மிகைப்பட்டிருக்கும், அக்கண்டறிதல் உண்மையாக இருக்கும் வாய்ப்பும் குறையும். பல்லாயிரம் இடங்களில் ஒரே நேரத்தில் சோதிக்கும் மூளைப் படிமத்தில் ஆபத்து இன்னும் பெரிது. கிரேக் பென்னட்டும் உடன் பணிபுரிந்தோரும் 2009இல் இறந்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, பன்முக ஒப்பீட்டுக்கான, அதாவது பல இடங்களை ஒருங்கே சோதிப்பதால் தற்செயலாக எழும் பொய் முடிவுகளுக்கான, திருத்தம் செய்யாவிட்டால் அதன் மூளையிலும் செயல்பாடு இருப்பதாகக் கணக்கு காட்டும் என்பதை விளக்கினர். அதேபோல், எந்தத் தரவைப் பார்த்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தோமோ அதே தரவைக் கொண்டு அப்பகுதியின் விளைவை மதிப்பிடுவது சுழல்வாதம். தேர்வுக்கு ஒரு பாதி, சோதனைக்கு மறுபாதி என்று தரவைத் தொடக்கத்திலேயே பிரித்துவைப்பது இதற்கு எளிய மருந்து. கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும் தரவு வருவதற்கு முன்பே எழுதிப் பதிவுசெய்துவிட்டால், பிறகு மனம் தனக்கு வேண்டிய பக்கம் சாய்வதற்கு இடம் இராது. விலங்கு எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பது அளவெடுப்பவருக்குத் தெரியாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

விலங்குகளோடு பணிபுரிகிறவர் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குப் பல மாதங்கள் ஆகலாம் என்பதைக் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வில்லியம் ரசலும் ரெக்ஸ் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மூன்று கொள்கைகள், அதாவது விலங்குக்கு மாற்று தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல், படிவத்தில் நிரப்பி மறக்கும் சொற்களாகிவிடக் கூடாது. மாதிரி போதாமல் விடையே தராத சோதனைக்கு ஓர் உயிரைப் பயன்படுத்துவது அறிவியல் குறை மட்டுமன்று, அறக்குறையும்கூட. ஓர் உயிரினத்தோடு நாள்தோறும் பழகி, சோதனையின் முடிவில் அதன் உயிரை எடுக்க வேண்டியிருப்பது சிலருக்குத் தாங்க முடியாததாக இருக்கும். அதை முன்கூட்டியே தனக்குள் கேட்டு, மனிதப் பங்கேற்பாளர்களோடோ கணிப்பு மாதிரிகளோடோ பணிபுரியும் ஆய்வகத்தைத் தேர்வது முழுக்க மதிக்கத்தக்க முடிவு.

இடைப்பட்ட ஆண்டுகள்

முதல் நாளிலிருந்தே மூலத்தரவை மாற்றாமல் வைப்பது, குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் படியெடுத்து வைப்பது, நிரல்களை, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் வைப்பது, அன்றன்று செய்ததையும் தோற்றதையும் ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதுவது ஆகியவை பழக்கமாக வேண்டும். இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, செய்தால் போதும்.

ஆலோசனைக் குழுவை ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட்டுங்கள். நல்ல முடிவுகள் வரட்டும் என்று கூட்டத்தைத் தள்ளிப்போடும் எண்ணம் எழும். முடிவுகள் வராத காலத்தில்தான் வெளியிலிருந்து பார்க்கும் கண்கள் அதிகம் தேவை. குழுவில் குறைந்தது ஒருவர், நெறியாளரோடு கருத்து மாறுபடத் தயங்காதவராக இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

மூன்றாம் ஆண்டையொட்டிப் பெரும்பாலோர் ஒரு தொய்வைக் காண்கிறார்கள்: தொடக்க ஆர்வம் ஓய்ந்திருக்கும், முடிவு கண்ணுக்குத் தெரியாது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள், பங்கேற்றனர்; அவர்களில் 39 விழுக்காட்டினர் மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வின் அளவுகோலுக்குள் வந்தனர். தாமாக முன்வந்து பதிலளித்தவர்களின் கணக்கு என்பதால் அந்த எண்ணை எல்லா மாணவருக்கும் பொருத்த முடியாது. ஆயினும் இது ஒரு தனிமனிதரின் பலவீனம் அன்று என்பதை உணர அது போதும். தூக்கம் கெட்டு, விருப்பமானவற்றிலும் மனம் ஒட்டாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், வேறெந்த நோய்க்கும் மருத்துவரிடம் செல்வது போலவே இதற்கும் செல்ல வேண்டும். நெறியாளரோடு உறவு சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டால் ஆய்வகம் மாறலாம். முதுநிலைப் பட்டத்தோடு வெளியேறும் வழியும் பல திட்டங்களில் உண்டு. இவ்விரண்டையும் எடுத்தவர்கள் நல்ல வாழ்க்கைப் பணிகளில் இருக்கிறார்கள்.

எழுதி முடித்தல்

ஆய்வேட்டின் முறைப்பகுதியைச் சோதனை நடக்கும்போதே எழுதிவிடுங்கள். எந்தச் செறிவில் எந்தக் கரைசல், எந்த வடிகட்டியின் எந்த எல்லை என்பதெல்லாம் இரண்டு ஆண்டுகளில் மறந்துபோகும். முடிவுகளைப் பொறுத்தவரை, முதலில் படங்களை வரைந்து வரிசைப்படுத்தி, ஒவ்வொரு படமும் சொல்லும் ஒரே வாக்கியத்தை அதன் கீழே எழுதிப் பார்த்தால், அந்த வாக்கியங்களின் வரிசையே இயலின் எலும்புக்கூடாக அமையும். ஆய்விதழ் மதிப்பாய்வு பல மாதங்கள் நீளும் என்பதால், கட்டுரை வெளிவந்த பிறகே ஆய்வேட்டைத் தொடங்குவது என்று காத்திருக்க வேண்டாம்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் பெரும்பாலும் கேட்பது, இந்த முடிவுக்கு வேறு விளக்கம் உண்டா, இதே கேள்வியை மீண்டும் தொடங்கினால் எதை மாற்றுவீர்கள், எந்தச் சோதனை உங்கள் கருத்தைப் பொய்ப்பிக்கும் என்பவையே. ஆய்வேட்டின் ஒவ்வொரு இயலுக்கும் இந்த மூன்று கேள்விகளுக்கான விடையைத் தனித்தாளில் எழுதி, உங்கள் துறையைச் சாராத நண்பர் ஒருவரிடம் சத்தமாக விளக்கிப் பழகுங்கள்.

அடுத்து போஸ்ட்டாக் பணிக்குச் செல்வதா, மருந்து நிறுவனம், மூளை–கணினி இடைமுகக் கருவிகள், தரவு அறிவியல், அறிவியல் எழுத்து ஆகியவற்றுள் ஒன்றுக்குச் செல்வதா என்பதைக் கடைசி ஆண்டின் தொடக்கத்திலேயே எண்ணத் தொடங்க வேண்டும். அவ்வேலைகளில் இருப்பவர்களோடு பேசவும் தேவைப்படும் சில திறன்களைச் சேர்த்துக்கொள்ளவும் அப்போதுதான் காலம் இருக்கும். ஆய்வகத்தை விட்டுச் செல்லும் முன், தரவையும் நிரலையும் விளக்கக் குறிப்போடு பொதுக் களஞ்சியம் ஒன்றில் ஒப்படையுங்கள். உங்களைச் சந்தித்திராத ஒருவர் அந்தக் குறிப்பை மட்டும் படித்து, உங்கள் முதல் படத்தை மீண்டும் வரைய முடிகிறதா என்று ஆய்வகத்தின் புதிய மாணவரிடம் கொடுத்துச் சோதித்த பிறகே சாவியைத் திருப்பிக் கொடுங்கள்.